வெள்ளக் கழிச்சல்ல படுத்துட்ட கன்னுக்குட்டி: தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ இதப் படிச்சிருங்க

எங்க கட்டுத்தரையில ரெண்டு ஜெர்சி கிராஸ் மாடு, அதுகளோட கன்னுங்க, அவ்ளோதான் பண்ணை. போன வருசம் ஒரு காளக்கன்னு கழிச்சல்ல செத்துப்போச்சு, இந்த வருசம் ஒரு கிடாரிக்கன்னு பொறந்த எட்டாம் நாள் அதே மாதிரி படுத்துச்சு, இத காப்பாத்திட்டோம். ரெண்டுக்கும் வாய்ல குடுத்த மருந்துல பெரிய வித்தியாசம் இல்லைங்க. வாய்ல ஊத்துன விதத்துலதான் வித்தியாசம். அதனால மூணாவது ஸ்டெப்ப மட்டும் நீட்டி எழுதிருக்கேன், மத்ததெல்லாம் வேகமா போயிரும்.

கழிச்சல் எதனால வருதுன்னு ஆராய்ச்சி பண்ண அப்ப நேரம் இருக்காது. மொத நாலஞ்சு நாள்ல வந்தா பெரும்பாலும் ஈ.கோலி, அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வரைக்கும்னா ரோட்டா, கொரோனா மாதிரி வைரஸ் (நமக்கு வந்த கொரோனா இல்ல, மாட்டுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு), இல்லன்னா கிரிப்டோன்னு ஒரு ஒட்டுண்ணி. எதுவா இருந்தாலும் கன்ன சாகடிக்கிறது ஒடம்புல இருக்குற தண்ணியும் உப்பும் வெளிய போறதுதான். சாணி நிக்கணும்னு நாம பாப்போம், டாக்டரு தண்ணி உள்ள போகுதான்னு பாப்பாரு. இந்த ஒண்ணு புரிஞ்சா பாதி வேல முடிஞ்சுது.

ஸ்டெப் 1: எவ்ளோ மோசம்னு பாக்குறது

கழுத்துத் தோல ரெண்டு விரல்ல கிள்ளித் தூக்கி லேசா முறுக்கி விடுங்க. நல்லா இருக்குற கன்னுக்கு ரெண்டு எண்றதுக்குள்ள தோலு படுத்துரும். எங்களுது ஆறு எண்ணியும் கூடாரம் மாதிரி நின்னுச்சு. கண்ணு உள்ள போயிருந்துச்சு, கீழ் இமைக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு நெல்லுமணிய வைக்கலாம், அவ்ளோ இடைவெளி. அடுத்து கையக் கழுவிட்டு ஒரு விரல வாய்க்குள்ள விடுங்க. விரல சப்புதா, வாய் சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா? சப்பலன்னா நீங்க வாய்ல எதையும் ஊத்தக் கூடாது, டாக்டரக் கூப்புடணும். இத இப்ப நாலு வார்த்தையில எழுதிட்டேன், கத்துக்க ஒரு கன்னுக்குட்டி போச்சு.

சாணி போற வழியில தெர்மாமீட்டர் வச்சு காய்ச்சலும் பாத்துருங்க. கன்னுக்கு சாதாரணமா 101.5லேர்ந்து 102.5 வரைக்கும் இருக்கும், பாரன்ஹீட்ல. மெடிக்கல்ல விக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், பாதரசக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், கன்னு ஒரு ஒதை விட்டா உள்ளயே ஒடஞ்சிரும். எங்களுது 97.8 காட்டுச்சு. நமக்கு காய்ச்சல் அடிச்சாதான் பயம், கன்னுக்கு 100க்குக் கீழ எறங்குனாத்தான் ரொம்ப பயப்படணும்.

(அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் 96 காட்டுது, ஆனா கன்னு துள்ளுதுன்னு கேட்ருந்தாரு. தெர்மாமீட்டர் சாணிக்குள்ள குத்தி நின்னா அப்படித்தான் கொறச்சு காட்டும். லேசா சாச்சுப் புடிச்சு குடல் செவுத்துல படுற மாதிரி வைங்க.)

எந்திரிக்கல, சப்பல, காய்ச்சல் 100க்குக் கீழ இல்ல 104க்கு மேல, சாணியில ரத்தம், இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர். தமிழ்நாட்டுல 1962க்கு அடிச்சா கால்நடை ஆம்புலன்ஸ். அவங்க வர்றதுக்குள்ள அடுத்த ஸ்டெப்ப ஆரம்பிச்சுருங்க.

ஸ்டெப் 2: மொதல்ல சூடு, அப்புறந்தான் தண்ணி

ஒடம்பு சில்லுன்னு இருக்கும்போது கொடல் வேல செய்யாது, அப்ப உள்ள போறது எதுவும் ஒட்டாது. ஈரத்த சாக்கு வச்சு நல்லா தேச்சுத் தொடச்சுட்டு, காஞ்ச வைக்கோல ஒரு சாண் ஒயரத்துக்குப் போட்டு அதுல படுக்க வைங்க. சுடுதண்ணி பாட்டில துணியில சுத்தி நெஞ்சுக்கிட்ட ஒண்ணு, பின்னந்தொடைக்கு நடுவுல ஒண்ணு. மேல சாக்கு. பக்கத்துல தீ மூட்டாதீங்க, பொகை நெஞ்ச அடைக்கும். நான் 100 வாட்ஸ் பல்ப தொங்கவிட்டேன், வைக்கோல்லேர்ந்து தள்ளி, கன்னு எந்திரிச்சா எட்டாத ஒயரத்துல.

(அப்டேட் 2: பல்பு போட்டும் சூடே வரலன்னு மூணு பேரு. எல்ஈடி போட்ருக்கீங்க! பழைய குண்டு பல்புதான் சுடும். எங்க ஊரு எலக்ட்ரிக் கடையில கேட்டப்ப கடைக்காரரு என்னமோ பெட்ரோமாக்ஸ் லைட்டு கேட்ட மாதிரி பாத்தாரு, ஆனா உள்ள தேடி எடுத்துக் குடுத்துட்டாரு.)

படுக்க வைக்கும்போது ஒருக்களிச்சு கால நீட்டிப் படுக்க விடாதீங்க. நெஞ்ச தரையில வச்சு, கால மடக்கி, மாடு அசைபோட உக்காருமே அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் வைக்கோல் திணிச்ச சாக்க முட்டுக் குடுத்தா நிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தணும், ராத்திரியும்தான், போன்ல அலாரம் வச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: வாய்ல குடுக்குறது

போன வருசம் நடந்தத சொல்றேன். கன்னு தலையத் தொங்கப் போட்டுக் கெடந்துச்சு. அப்பா தாடையப் புடிச்சு தலைய வானம் பாக்கத் தூக்குனாரு, நான் பழைய பீர் பாட்டில்ல உப்புச் சக்கரத் தண்ணி கலந்து வாய்ல கவுத்தேன். எங்க ஊர்ல எல்லாரும் மாட்டுக்கு மருந்து அப்படித்தான் ஊத்துவாங்க, தாத்தா காலத்துல மூங்கில் குழாய், இப்ப பாட்டிலு. கடகடன்னு எறங்குச்சு. லேசா ஒரு செருமல், அவ்ளோதான். ‘குடிச்சிருச்சுப்பா’ன்னு நானே சொன்னேன். ரெண்டாம் நாள் மூச்சு விடும்போது நெஞ்சுல கொர்ருனு சத்தம், மூக்குல நுரை. மூணாம் நாள் இல்ல. டாக்டரு வந்து பாத்துட்டு ‘தலைய எதுக்குங்க அவ்ளோ தூக்குனீங்க?’ன்னு ஒண்ணுதான் கேட்டாரு.

தலைய அண்ணாத்துனா மூச்சுக்குழாய் வாசல் தொறந்து நிக்கும், ஊத்துற தண்ணி நுரையீரலுக்குப் போயிரும். தெம்பா இருக்குற கன்னு இருமித் துப்பிரும். சோந்த கன்னுக்கு இரும கூட தெம்பு இருக்காது, அதனால நல்லா குடிச்ச மாதிரியே தெரியும். அந்த அமைதியத்தான் நான் நம்பி ஏமாந்தேன்.

இந்த வருசம் செஞ்சது இது. கன்னு நெஞ்சுல உக்காந்த நெலையில, தலை இயல்பா, மூக்கு கண்ணுக்கு மேல போகாம. கன்னு சப்புற அளவுக்குத் தெம்பு வந்தப்பறம் நிப்பிள் பாட்டில்ல குடுத்தேன். உறிஞ்சிக் குடிக்கும்போதுதான் உள்ள ஒரு வாய்க்கால் மாதிரி மடிஞ்சு பாலு நேரா நாலாவது வயித்துக்குப் போகும், வாய்ல கொட்டுனா மொத வயித்துல தேங்கி புளிச்சுப் போக வாய்ப்பிருக்கு. நிப்பிள்ல ஓட்டைய பெருசாக்காதீங்க, சீக்கிரம் குடிக்கட்டும்னு பிளேடு வச்சு கிழிக்கிறவங்கள பாத்திருக்கேன், அதுவும் பாட்டில கவுக்குறதும் ஒண்ணுதான்.

நிப்பிள் இல்லன்னா ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்ச். என் கட்டுத்தரையில இருக்குற சாமான்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். கடவாய் ஓரமா, பல்லு இல்லாத சந்துல வச்சு பத்து மில்லி, முழுங்குதான்னு தொண்டையப் பாருங்க, அப்புறம் அடுத்த பத்து. நாக்க வெளிய இழுத்துப் புடிக்காதீங்க, நாக்கு இல்லாம எப்படி முழுங்கும்? செருமுனா அந்த நிமிசமே நிறுத்திட்டு தலையக் கீழ விட்ருங்க. அரை லிட்டரு எறங்க இருவது நிமிசம் ஆகும், ஆகட்டும்.

சப்பவே இல்லன்னா ஊத்தாதீங்கன்னு மறுபடி சொல்றேன். எங்க கிடாரிக்கு மொத நாள் டாக்டரு கழுத்து நரம்புல டிரிப்ஸ் ஏத்துனாரு, அரை லிட்டர் பாட்டில் மூணு, ரிங்கர் லாக்டேட்டும் (உப்புத் தண்ணி) டெக்ஸ்ட்ரோஸும் (சக்கரத் தண்ணி). பாட்டில ஏத்துறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வைக்கச் சொன்னாரு, சில்லுன்னு இருக்குற கன்னுக்கு சில்லுன்னு ஏத்தக் கூடாதாம். நான் உத்தரத்துல கயிறு கட்டி பாட்டில தொங்கவிட்டுட்டு கன்னு கழுத்தப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மூணாவது பாட்டில் பாதியில என் விரல சப்புச்சு பாருங்க!

ஸ்டெப் 4: என்ன, எவ்ளோ

கால்நடை மருந்துக்கடையில கன்னுக்குன்னே எலக்ட்ரோலைட் பவுடர் (ஒடம்புக்கு வேண்டிய உப்புங்க கலந்தது) இருக்கு, கெடச்சா அதுதான். ராத்திரி பன்னண்டு மணிக்கு அவசரம்னா மனுசங்களுக்கு விக்கிற ஓஆர்எஸ், பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு சரியா ஒரு லிட்டர், காய்ச்சி வெதுவெதுப்பா ஆறுன தண்ணி. கண்ணளவுல கலக்காதீங்க. எங்க டாக்டர் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேக்கச் சொன்னாரு, கழிச்சல்ல ரத்தம் புளிச்சுப் போகும், அத சரி பண்ணத்தான். நீங்க உங்க டாக்டரக் கேட்டுட்டு சேருங்க.

கணக்கு இப்படி. எங்க கன்னு 25 கிலோ. நூத்துக்கு எட்டுப் பங்கு தண்ணி போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு, அப்படின்னா 2 லிட்டர் ஏற்கனவே கடன். அதுபோக கழியக் கழிய போயிட்டே இருக்கு. அதனால டிரிப்ஸ் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து பாலு போக தெனம் ரெண்டரை, மூணு லிட்டர், தடவைக்கு அரை லிட்டரா பிரிச்சு.

பால நிறுத்தாதீங்க. பாலு குடுத்தா கழிச்சல் கூடும்னு எங்கம்மா கடைசி வரைக்கும் ஒத்துக்கல, ஆனா ஓஆர்எஸ்ல இருக்குற சக்கர ஒரு கன்ன ஓட்டாது, பட்டினியிலயே போயிரும். ஒடம்பு எடையில பத்துல ஒரு பங்கு, அதாவது இதுக்கு ரெண்டரை லிட்டர் பாலு, நாலு வேளையா. சோடா கலந்த தண்ணிக்கும் பாலுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க, சேந்தா வயித்துல பாலு தெரையாது. பால்ல தண்ணி ஊத்தி நீர்க்க வைக்கவும் வேண்டாம்.

நமக்கு வாங்குன பேதி மாத்திரையக் குடுக்காதீங்க. வெளிய வரவேண்டிய விஷத்த உள்ளயே பூட்டி வச்ச கதையாயிரும். ஆன்டிபயாட்டிக் டாக்டர் கையில விட்ருங்க, வைரஸ் கழிச்சலுக்கு அது கேக்கவே கேக்காது. மிளகு, சீரகம், மஞ்சள், பெருங்காயம் உருண்டை கைவைத்தியம் நல்லதுதான், நானும் பெரிய மாட்டுக்குக் குடுப்பேன், ஆனா படுத்துக் கெடக்குற கன்னு வாய்ல உருண்டையத் திணிச்சா தொண்டையில சிக்கும்.

ஸ்டெப் 5: பின்பக்கம்

இத யாரும் சொல்றதில்ல. வாலும் தொடையும் கழிச்சல்ல ஊறி முடி கொட்டி வெந்து போயிரும், ஈ மொய்ச்சா ஒரே நாள்ல புழு. ரெண்டு வேளையும் வெதுவெதுப்பான தண்ணியில கழுவித் தொடச்சுட்டு வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தடவுங்க. அடியில ஈரமான வைக்கோல மாத்திட்டே இருங்க. மத்த கன்னுங்களுக்கு மொதல்ல பாலு குடுத்துட்டு கடைசியா சீக்குக் கன்னுக்கிட்ட வாங்க, அந்தக் கையோட சோத்துல கைய வைக்காதீங்க, சிலது நமக்கும் ஒட்டும்.

தேறுதான்னு எப்படி தெரியும்? சாணிய பாக்காதீங்க, அது கெட்டியாக நாலஞ்சு நாள் ஆகும். மூத்திரம் போகுதான்னு பாருங்க. எங்களுது ரெண்டாம் நாள் விடியக்காலம் சாக்கு மேலயே போச்சு, அத்தன சந்தோசமா ஈரச் சாக்க நான் மாத்துனதே இல்ல. மூணாம் நாள் எந்திரிச்சு முதுக நெளிச்சு சோம்பல் முறிச்சுச்சு.

கடைசியா கமெண்ட்ல அதிகமா வந்த கேள்வி, நல்லா பாத்துக்கிட்டும் ஏன் வருதுன்னு. சீம்பால் எப்ப குடுத்தீங்கன்னு திருப்பிக் கேட்டா முக்காவாசிப் பேரு ‘நஞ்சுக்கொடி விழுந்தப்புறம்’னுதான் சொல்றாங்க. நஞ்சுக்கொடிய சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்கவிடுறதெல்லாம் விடுங்க, அதனால ஒரு நட்டமும் இல்ல, ஆனா அது விழுற வரைக்கும் கன்னு காத்திருக்கக் கூடாது. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள மொத சீம்பால் போயிரணும், ஒரு நாள் தாண்டுனா கொடல் அந்த எதிர்ப்பு சக்திய உள்ள வாங்காது. அப்புறம் பத்தாம் நாள் டாக்டரக் கேட்டு பைப்பரசின் பூச்சி மருந்து, தாயோட பால்லயே உருண்டைப் புழு வரும்.

கிடாரி எப்படி இருக்குன்னு கேட்டவங்களுக்கு: ஏழு மாசம் ஆச்சு, நல்லா இருக்கு. நான் சிரிஞ்ச கையில எடுத்தா மட்டும் முளைக்குச்சியப் புடுங்கிட்டு ஓடுது.