வீட்டிலேயே மொறுமொறு ஃபிரெஞ்சு ஃப்ரைஸ்: அவிச்சதா, வறுத்ததா என்று யாரும் கேட்காதபடி

நான் முதன்முதலாகச் செய்த ஃபிரெஞ்சு ஃப்ரைஸைப் பார்த்து அம்மா கேட்டது, "இது வறுத்ததா, அவிச்சதா?" என்றுதான். வெளியே கறுத்து, உள்ளே கொழகொழவென்று, ஒன்றை எடுத்துப் பிடித்தால் தலை தொங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழங்கு என்று சும்மா சொன்னாலே மரச்சீனிதான், அதாவது மரவள்ளி, அதை அவித்து மீன்குழம்பு ஊற்றித் தின்று வளர்ந்த கைக்கு உருளைக்கிழங்கும் அப்படியே வந்துவிட்டது போல.

விஷயம் பிடிபட்டது நாகர்கோவிலில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் ஒரு கடை வாசலில். பெரிய சட்டியில் தேங்காய் எண்ணெய், மாஸ்டர் காயை நேராக எண்ணெய்க்குள்ளேயே சீவித் தள்ளுகிறார், கொஞ்சம் கழித்து மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீரை ஒரு கரண்டி விடுகிறார், சட்டி சோவென்று பொங்குகிறது. எப்போது எடுப்பீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். "சத்தம் அடங்கட்டும் மக்களே" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். எண்ணெய் போடுகிற அந்தச் சத்தம், காய்க்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிற சத்தம். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். சிப்ஸில் மொத்தத்தையும் ஓட்டிவிடலாம். ஃப்ரைஸில் மேல்தோல் மட்டும் காய வேண்டும், உள்ளே மாவு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

சரி, வேலையைத் தொடங்குவோம். மூன்று பேருக்கு அரை கிலோ உருளைக்கிழங்கு, முக்கால் லிட்டர் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், உப்பு. வேறொன்றும் வேண்டாம்.

கிழங்கு நீளமாக, கெட்டியாக, முற்றியதாக இருக்கட்டும். நகத்தால் சுரண்டினாலே தோல் உரிகிற புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவு குறைவு, அது குருமாவுக்குப் போகட்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ஃப்ரைஸுக்கென்றே குஃப்ரி ஃப்ரைசோனா என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது, ஆனால் வடசேரி சந்தையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அதனால் கையால் அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், எண்ணெயில் போட்டதும் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். என் முதல் சட்டி கறுத்ததற்கு இதுதான் காரணம்.

தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் குச்சி குச்சியாக வெட்டுங்கள். அளவுகோல் வேண்டாம், சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் மெல்லிதாக, எல்லாம் ஒரே கனமாக இருந்தால் போதும். வெட்டியதைத் தண்ணீரில் போட்டு அலசுங்கள். தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுக்கும், அது மேலே ஒட்டியிருந்த மாவு. நாலு தடவை மாற்றினால் தெளிந்துவிடும்.

இனி ஒரு லிட்டர் தண்ணீரில் வினிகரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து, குச்சிகளைப் போட்டு, கொதி வந்ததிலிருந்து ஏழெட்டு நிமிடம் மிதமாக வேகவிடுங்கள். வினிகர் எதற்கு என்றால், புளிப்பு இருக்கும்போது கிழங்கின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது, உள்ளே வெந்தும் குச்சி உடையாமல் நிற்கும். வறுத்தபின் வினிகர் வாடை தெரியாது. வடித்து, ஒரு பருத்தித் துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆனி ஆடிச் சாரல் நாளில் அரை மணி நேரம்கூட ஆகும், நம்ம ஊர் ஈரத்துக்கு அவசரப்பட்டுப் பயனில்லை. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும்.

எண்ணெய்க்கு வருவோம். எனக்கும் தேங்காய் எண்ணெய் மேல்தான் ஆசை. ஆனால் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும், நமக்கு அதற்கு மேல் சூடு வேண்டியிருக்கிறது. அதனால் சுத்திகரித்த கடலை எண்ணெய். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், பொங்க இடம் வேண்டும். ஒரு மூடியைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள், தப்பித்தவறி எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

வறுப்பது இரண்டு தடவை. முதல் தடவை 150, 160 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள், சோம்பலாகச் சின்னச் சின்னக் குமிழி விட்டால் அதுதான் பதம். ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். அதிகம் கொட்டினால் எண்ணெய் ஆறிப்போகும், கிழங்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும். நாலு நிமிடம், நிறம் மாறாமல் வெளுப்பாகவே எடுத்துவிடுங்கள். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் நன்றாக ஆறவிடுங்கள், அரை மணி நேரமாவது. நேரம் இருந்தால் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடலாம், உள்ளே உண்டாகும் பனித்துகள் செல்களைக் கிழித்துவிடுவதால் அடுத்த தடவை தண்ணீர் சுலபமாக வெளியேறும். கடையில் விற்கும் உறைந்த பாக்கெட்டும் இப்படிப் பாதி வறுத்து உறையவைத்ததுதான்.

இரண்டாம் தடவை 180, 190 டிகிரி. போட்டவுடன் சட்டி கூச்சல் போட வேண்டும். உறைந்ததைப் போடுவதென்றால் ஒட்டியிருக்கும் பனியை உதறிவிட்டு, இன்னும் குறைவாகப் போடுங்கள். இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இரைச்சல் குறைந்து, சன்னமான ஒரு படபடப்பாக மாறும். ஜல்லிக்கரண்டியால் கிளறினால் குச்சிகள் ஒன்றோடொன்று உரசி கலகலவென்று சத்தம் வரும், கூழாங்கல்லை அள்ளுகிற மாதிரி. பொன்னிறம். எடுங்கள். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சிப்ஸ் ஆகிவிடும்.

எடுத்ததை ஓட்டை போட்ட வடிதட்டில் கொட்டுங்கள். செய்தித்தாளில் வேண்டாம், மை ஒட்டும், அடியில் ஆவி தங்கி நமத்தும் போகும். சூடு இருக்கும்போதே பொடியுப்பைத் தூவிக் குலுக்குங்கள், ஆறினால் உப்பு ஒட்டாது. மூடி வைக்கவே கூடாது.

தொட்டுக்கொள்ள தக்காளி சாஸ் ஊற்றுகிறவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் நாலு காந்தாரி மிளகாய், ஆறேழு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), உப்பு, அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக நசுக்கி, மேலே ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய். அவித்த மரச்சீனிக்கு வைத்திருந்த கூட்டு இது, ஃப்ரைஸுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

மரச்சீனியிலும் இதே மாதிரி செய்யலாம். 1880களில் திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் பரப்பிவிட்ட கிழங்கு, நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கிறது. அதை நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட்டு, நடு நாரை எடுத்து, காயவைத்து, நல்ல சூட்டில் ஒரே தடவை வறுத்தால் போதும். போன ஞாயிறு இரண்டையும் ஒரே தட்டில் வைத்தேன். அம்மா மரச்சீனி பக்கத்தைத்தான் காலி பண்ணினார்.