மொட்டை மாடி சோலார்ல கரண்ட் கம்மியா வருதா? அடியில கைய விட்டு பாருங்க

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் எங்க அக்காவோட குடியிருப்பு வீட்டுல 1 கிலோவாட் சோலார் இருக்கு. நாளுக்கு சுமார் 4 யூனிட் வரணும், ஆனா மே மாசத்துல 3 யூனிட்டே தாண்டல, வெயில் இப்படி கொளுத்துதே அப்புறம் ஏன்டான்னு அக்கா கேட்டுச்சு. மத்தியானம் மேல போயி பேனலுக்கு அடியில கைய விட்டேன், வைக்கவே முடியல, அப்படி சுடுது.

பேனலுக்கு வெளிச்சம்தாங்க வேணும், சூடு ஆகாது. அதுல எழுதியிருக்கிற வாட்ஸ் 25 டிகிரிக்கு, அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல போயிடும், 65 டிகிரி ஆனா 14 சதவீதம் காலி. அக்கா வீட்டுல தரையில இருந்து ரெண்டு இஞ்ச்லதான் மாட்டியிருந்தாங்க, அடியில வேற பழைய சாக்கு. முக்கால் அடியாவது தூக்கி வைங்க, மத்தியானம் வர்ற கடல்காத்து அடியில பூந்து போற மாதிரி நாலு பக்கமும் காலியா விடுங்க, தளத்துக்கு வெள்ளை அடிச்சிட்டா இன்னும் நல்லது. ரொம்ப உசரமும் வேணாம், 2011ல 'தானே'ங்கற புயல பாத்த ஊரு இது, காலுக்கு கான்கிரீட் கட்டை போட்டு போல்ட்ட நல்லா முறுக்கணும்.

தெற்க பாத்து 10, 12 டிகிரி சாய்வு நம்ம ஊருக்கு போதும், அதுக்கு மேல தெக்க சாய்க்க வேணாம், ஏன்னா ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் உச்சி வெயிலே வடக்கால சாயும்.

அடுத்தது நிழல், இதத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. பேனல் எல்லாம் வரிசையா ஒயர்ல கோத்திருக்கும், ஒண்ணுல டிஷ் ஆன்டெனா நிழல் விழுந்தாலும் மொத்தமும் இறங்கும். டிசம்பர்ல காலைல 9, மத்தியானம் 12, சாயங்காலம் 3 மணிக்கு நிழல் எங்க விழுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக்கோங்க. தண்ணி டேங்க் தெக்க இருந்தா வடக்க மாத்துங்க, தென்னை மட்டை மறைச்சா வெட்டிடுங்க.

கடலோரம்ங்கறதால உப்பு படியும், காக்கா எச்சம் வேற. பத்து நாளைக்கு ஒருக்கா விடியக்காலைல துணியால துடைங்க, போர் தண்ணி வேணாம், காஞ்சதும் வெள்ள வெள்ளையா திட்டு நிக்கும், மழைத்தண்ணி பிடிச்சு வெச்சா அதுவே போதும். சுடுற கண்ணாடி மேல பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடலாம். நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே கேட்டு வாங்குங்க.

பேனல கழட்டி தூக்குற வேலைக்கு மட்டும் ஆள கூப்பிடுங்க, மெயின ஆஃப் பண்ணாலும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அந்த ஒயர்ல கரண்ட் இருக்கும்.