நீல அடிக்கோட்டை நம்பாதீர்கள்: பிடிஎஃப் லிங்க்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, குரோம்ல திறந்தா இந்த பிடிஎஃப்ல ஒரு லிங்க்கும் போகமாட்டேங்குது. பிரௌசர்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன்." ஃபைலைப் பார்த்தேன். பிரௌசர் பாவம், அதன்மேல் தப்பே இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்து மாட்டிக்கொண்ட அதே காரியத்தை அவரும் செய்திருந்தார். போன மாதம் இன்னொருவர் இதையேதான் செய்தார். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முகவரியில் எழுத்துப் பிழை, நெட் இல்லாதது, அந்தத் தளமே மூடப்பட்டது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

## பிரின்ட் கொடுத்து பிடிஎஃப் எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். வேர்டில் ஆவணத்தை முடித்ததும் பிரின்ட் கொடுத்து, பிரின்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிப்பார்கள். பக்கம் அச்சு அசலாக வரும். நீல நிறம் இருக்கும், அடிக்கோடு இருக்கும். லிங்க் மட்டும் இருக்காது.

காரணம் எளிது. பிடிஎஃப்பில் லிங்க் என்பது எழுத்தோடு ஒட்டிய சமாச்சாரம் அல்ல. பக்கத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகத்தைத் தனியாக வைத்து, அதற்குள் முகவரியை எழுதியிருப்பார்கள். நீலமும் அடிக்கோடும் வெறும் பூச்சு. பிரின்டருக்குப் போகும் வழியில் காகிதத்தில் விழக்கூடியது மட்டும்தான் பயணிக்கும்: எழுத்து, கோடு, படம். செவ்வகம் காகிதத்தில் விழாது என்பதால் வாசலிலேயே நின்றுவிடும். பொருளடக்கத்தில் அழுத்தினால் அந்தப் பக்கத்துக்குத் தாவும் வசதியும் இதோடு போய்விடும்.

இதை உடனே பார்த்துவிட்டால் பிழைத்தோம். பார்க்கவிடாமல் செய்வது பிரௌசரின் நல்ல மனசு. குரோமும், பிடிஎஃப்பைத் திறந்து காட்டும் இன்னும் சில வியூவர்களும் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்து, வலை முகவரி மாதிரி எதைக் கண்டாலும் தாங்களாகவே அதை லிங்க்காக்கிவிடும். அதனால் ஒரு லிங்க்கூட இல்லாத ஃபைலிலும், முழுசாக எழுதப்பட்ட முகவரிகள் அழுத்தினால் திறக்கும். நீங்கள் ஒன்றை அழுத்திப் பார்ப்பீர்கள். திறக்கும். அனுப்பிவிடுவீர்கள்.

நான் அப்படித்தான் அனுப்பினேன். 60 பக்கப் பயிற்சிக் கையேடு. முதல் பக்கத்தில் இருந்த தள முகவரியை அழுத்தினேன், திறந்தது, திருப்தி. மறுநாள் காலையிலேயே போன். உள்ளே 'இங்கே அழுத்தவும்' என்றிருந்த இடம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அதைவிட மோசம், இரண்டு வரிக்கு ஓடிய நீள முகவரிகள். வியூவர் முதல் வரியோடு முகவரி முடிந்தது என்று ஊகித்துக்கொண்டது. அழுத்தினால் பாதி முகவரிக்குப் போய் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. நான் மெத்தப் படித்தவன் மாதிரி, "உங்க சர்வரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்களுடைய ஆள் இரண்டு நாள் சர்வரைக் குடைந்தார். அங்கே என்ன இருக்கும்? கடைசியில் உண்மை தெரிந்ததும் கையேடு முழுவதையும் காசில்லாமல் மறுபடி செய்து கொடுத்தேன்.

வேர்டில் 'சேவ் அஸ்' அல்லது 'எக்ஸ்போர்ட்' வழியாகவே பிடிஎஃப் எடுங்கள். லிப்ரே ஆஃபிஸிலும் எக்ஸ்போர்ட்தான். கூகுள் டாக்ஸில் டவுன்லோட் செய்தால் போதும். மேக்கில் உள்ள வேர்ட் சேமிக்கும்போது இரண்டு வழி காட்டும். அச்சுக்கு ஏற்றது என்பதை விட்டுவிட்டு, மின்னணு விநியோகத்துக்கு ஏற்றது என்பதை எடுங்கள். குரோமில் வலைப்பக்கத்தைச் சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். பிரின்ட் சாளரத்தில் 'சேவ் அஸ் பிடிஎஃப்' லிங்க்கைக் காப்பாற்றும். அதே பட்டியலில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பிரின்டர் கொன்றுவிடும்.

சோதிக்கும்போது எழுதிய முகவரியை அழுத்தாதீர்கள். முகவரி வெளியே தெரியாத, 'விண்ணப்பம்' போன்ற சொல்லின் பின்னால் ஒளிந்திருக்கும் லிங்க்கை அழுத்துங்கள். நிறைய ஃபைல் இருந்தால், பாப்ளர் என்ற இலவச பிடிஎஃப் கருவித் தொகுப்பில் வரும் 'பிடிஎஃப் இன்ஃபோ'வை -url சேர்த்து ஓட்டுங்கள். அது ஃபைலுக்குள் உண்மையிலேயே இருக்கும் வலை முகவரிகளைப் பக்க எண்ணோடு பட்டியலிடும். பட்டியல் காலியாக இருந்தால் கதை முடிந்தது.

அப்புறம், சைஸைக் குறைக்கிறேன் என்று நல்ல பிடிஎஃப்பை மறுபடி பிரின்ட் கொடுத்து எடுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் பேசுவதில்லை.

## உங்கள் கணினியில் மட்டும் ஓடும் லிங்க்

பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலுக்கு லிங்க் கொடுத்தால், உள்ளே சி டிரைவில் ஆரம்பிக்கும் பாதை உட்கார்ந்துவிடலாம். உங்களிடம் திறக்கும். தளத்தில் ஏற்றினால் திறக்காது. படிப்பவரிடம் அந்த ஃபோல்டர் இல்லை என்பது ஒரு பக்கம். இருந்தாலும், வலையிலிருந்து வந்த ஆவணம் கணினிக்குள் இருக்கும் ஃபைலைத் திறக்க பிரௌசர் விடாது. பெரும்பாலும் எந்தத் தகவலும் சொல்லாமல் சும்மா இருந்துவிடும்.

இந்த மௌனமே நல்ல தடயம். அழுத்தி 404 வந்தால் முகவரிதான் தப்பு: அது ஃபைலில் இருக்கும் லிங்க்காகவும் இருக்கலாம், வியூவர் ஊகித்ததாகவும் இருக்கலாம். அழுத்தியும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் லிங்க்கே இல்லை, அல்லது பிரௌசர் தடுத்திருக்கிறது. மற்றதைத் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

## ஹெச்டிடிபிஎஸ் போடாமல் விடுவது

மூன்று டபிள்யூவில் ஆரம்பித்தால் போதும் என்று நினைப்பார்கள். சில வியூவர் முன்பகுதியைத் தானே சேர்த்துக்கொள்ளும். சில வியூவர் அதை ஃபைல் பெயர் என்று எண்ணி, பிடிஎஃப் இருக்கும் தளத்திலேயே தேடும். 404 பக்கத்தின் முகவரியில் உங்கள் தளத்தின் பெயரும் அடுத்து மூன்று டபிள்யூவும் வந்தால், குற்றவாளி இதுதான்.

## தமிழ் எழுத்துள்ள முகவரி

முன்னே சொன்ன லிங்க் செவ்வகத்துக்குள் எழுதும் முகவரியில் ஆஸ்கி எழுத்து (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டும்தான் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தைச் சதவீதக் குறியீடாக மாற்ற வேண்டும். 'தமிழ்' என்ற ஒரு சொல் 45 குறிகளாக நீளும். பார்க்கச் சகிக்காது, ஆனால் சரியானது. சில மென்பொருள் ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை மாற்றிவிடும். ஒவ்வொரு சதவீதக் குறிக்குப் பின்னாலும் 25 என்ற எண் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

## ஐஃப்ரேமுக்குள் வைத்த பிடிஎஃப்

ஐஃப்ரேம் என்பது ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொன்றைக் காட்டும் சட்டம். லிங்க்கை அழுத்தினால் அந்தச் சின்னச் சட்டத்துக்குள்ளேயே திறக்கப் பார்க்கும். பல தளங்கள் சட்டத்துக்குள் வர மறுப்பதால் வெறும் பக்கம் தெரியும். பிடிஎஃப்பைத் தனி டேப்பில் திறந்து பாருங்கள். அங்கே போனால் ஃபைல்மேல் தப்பில்லை.

## முகவரியை ஒட்டி முற்றுப்புள்ளி

வைக்காதீர்கள்.

## பழைய ஃபைலைப் பார்த்துக்கொண்டே திருத்துவது

திருத்திய ஃபைலை அதே பெயரில் ஏற்றினால் பிரௌசர் தன் கேஷில் (முன்பு இறக்கியதைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) இருக்கும் பழையதைக் காட்டலாம். கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள், அல்லது பெயரை மாற்றி ஏற்றுங்கள். நான் ஒருமுறை ஏற்கெனவே சரியாகிவிட்ட ஃபைலை நான்கு தடவை திருத்தினேன். நான்காவது தடவையில் அதை உண்மையாகவே கெடுத்தும்விட்டேன்.