ஆஃபென்ஸ் நகரவே மாட்டேங்குதா? கோச்சுங்களுக்கு சில வழிகள்

அமெரிக்கன் ஃபுட்பால்ல ஆஃபென்ஸ், அதாவது பால் கையில இருக்கற டீம், ஸ்கோரே பண்ணமாட்டேங்குதுன்னா நிறைய கோச்சுங்க முதல்ல பண்றது புதுசா பத்து ப்ளே (யார் எங்க ஓடணும், என்ன செய்யணும்னு முன்னாடியே போட்ட திட்டம்) தேடி எடுத்து ப்ளேபுக்ல சேர்க்குறதுதான். ஹைஸ்கூல் பசங்களுக்கு அசிஸ்டண்ட் கோச்சா இருந்த முதல் சீசன்ல நானும் அதையேதான் பண்ணேன், பசங்க இன்னும் குழம்பிப் போனாங்க. இப்ப யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், ப்ளேயை குறைங்க, இருக்கறதை நல்லா ஓட்டுங்க.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு ப்ராக்டிஸ்ல ஆஃபென்ஸுக்கு மொத்தம் 100 தடவை பால் ஸ்னாப் பண்ண, அதாவது லைன் நடுவுல இருக்கறவன் பாலை பின்னாடி குடுத்து ப்ளேயை ஆரம்பிக்க, நேரம் கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க, ப்ளேபுக்ல 40 ப்ளே இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு தடவைதான் வரும், அதுவே 12 ப்ளேன்னா எட்டு தடவை. எட்டு தடவை செஞ்ச பையன் மேட்ச்ல டிஃபென்ஸ் வேற மாதிரி நின்னாலும் யோசிக்காம சரியான ஆளை ப்ளாக் பண்ணுவான் (மறிச்சு தள்ளுவான்), ரெண்டு தடவை செஞ்சவன் நின்னு யோசிப்பான், அந்த அரை செகண்ட்லயே ப்ளே செத்துடும். வின்ஸ் லொம்பார்டி கோச்சா இருந்த கிரீன் பே பேக்கர்ஸ் டீம் 1961ல இருந்து 1967க்குள்ள அஞ்சு சாம்பியன்ஷிப் ஜெயிச்சாங்க, அவங்க உயிர்நாடி ஸ்வீப்ங்கற, பாலோட ஓரமா சுத்தி ஓடற ஒரே ஒரு ரன் ப்ளே, எதிர் டீமுக்கெல்லாம் அது வரும்னு தெரியும், தெரிஞ்சும் நிறுத்த முடியல. அந்த ஒரு ப்ளே பத்தி லொம்பார்டி எட்டு மணி நேரம் பாடம் எடுத்ததை கேட்டு அசந்துபோனதா இன்னொரு பெரிய கோச் ஜான் மேடன் பின்னாடி சொல்லியிருக்கார்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? லைன்லேர்ந்து. செண்டர், ரெண்டு கார்ட், ரெண்டு டாக்கிள், இந்த அஞ்சு பேரும் சேர்ந்து ஒரே ஆள் மாதிரி நகரலைன்னா பாலை வாங்கி ஆட்டத்தை நடத்தற குவாட்டர்பேக் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. நிறைய இடத்துல லைன் பசங்களை ஓரமா அனுப்பிட்டு ஹெட் கோச் பாஸ் பிடிக்கற ரிசீவர்ஸ் கூடவே நிக்கறார், அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா ஸ்டாண்ட்ல யாரும் பேர் சொல்லி கத்தாத பசங்க அவங்கதான், கோச்சாவது பக்கத்துல நிக்கணும்.

லைனுக்கு முதல்ல சொல்லித்தர வேண்டியது முதல் ஸ்டெப். ஸ்னாப் ஆனதும் எந்தக் கால் எந்தப் பக்கம் போகுது, சின்ன ஸ்டெப்பா இருக்கா, இடுப்பு தாழ்ந்து இருக்கா, கை ரெண்டும் எதிராளியோட நெஞ்சுக்குள்ள போகுதா. கை வெளியில தோள் பக்கம் போய் பிடிச்சு இழுத்தா ஹோல்டிங்னு ஃபவுல், பத்து யார்டு போச்சு. இதை மட்டும் தினமும் பத்து நிமிஷம், பால் இல்லாமலே பண்ணலாம்.

ரன் ப்ளேக்கு என்னைக் கேட்டா இன்சைட் ஸோன் ஒண்ணு போதும், முதல்ல, அதாவது ரன்னிங் பேக் (பாலை வாங்கி ஓடறவன்) லைனுக்கு நடுவுல ஓடற ப்ளே. ரூல் ரொம்ப சிம்பிள், பால் போற பக்கம் பாருங்க, உங்க முன்னாடி டிஃபெண்டர் நிக்கறானா, அவனை ப்ளாக் பண்ணுங்க, யாரும் இல்லையா, பக்கத்துல இருக்கற நம்ம ஆளோட சேர்ந்து ரெண்டு பேரா ஒருத்தனை தள்ளுங்க, லைன்பேக்கர் (எதிர் லைனுக்கு பின்னாடி நிக்கற டிஃபெண்டர்) கிட்ட வந்ததும் ஒருத்தர் பிரிஞ்சு அவன் மேல போங்க. இந்த ரூலுக்கு டிஃபென்ஸ் எப்படி நின்னாலும் பதில் இருக்கு, அதனாலதான் இதை முதல்ல சொல்றேன். பசங்க செய்ற பெரிய தப்பு சீக்கிரமா பிரிஞ்சு லைன்பேக்கர் பக்கம் ஓடறது, முதல் ஆள் நகர்றதுக்கு முன்னாடியே, அப்ப அந்த முதல் டிஃபெண்டர் நேரா வந்து ரன்னிங் பேக்கை பின்னாடியே பிடிச்சிடுவான். "அவனை தள்ளு, லைன்பேக்கரை கண்ணால மட்டும் பாரு"ன்னு நான் திரும்ப திரும்ப சொல்லுவேன்.

அடுத்தது பாக்ஸை, அதாவது லைனுக்கு கிட்டத்துல நிக்கற டிஃபெண்டருங்களை எண்ணறது. ப்ளாக் பண்ண அஞ்சு பேர்தான் இருக்காங்கன்னா, லைனுக்கு எதிர்ல கிட்டத்துல டிஃபெண்டர் எத்தனை பேர்னு ஸ்னாப்புக்கு முன்னாடி குவாட்டர்பேக் எண்ணணும். அஞ்சு பேர்னா கண்ணை மூடிட்டு ரன். ஆறு பேர்னா ஓரத்துல இருக்கற டிஃபென்சிவ் எண்டை யாரும் ப்ளாக் பண்ணாம விட்டுட்டு அவனை குவாட்டர்பேக் பார்க்கணும், அவன் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ள பாஞ்சா பாலை தானே வெச்சுக்கிட்டு வெளியில ஓடணும், அவன் அங்கயே நின்னா ரன்னிங் பேக் கையில குடுத்துடணும். ஏழு பேர் வந்துட்டாங்கன்னா வெளியில ரிசீவர் பக்கம் ஆள் குறைவா இருக்கும், அங்க டக்குனு ஒரு பபுள் ஸ்க்ரீன், அதாவது ஓரத்துல இருக்கற ரிசீவருக்கு சின்ன பாஸ், எறியலாம். பாருங்க, மூணு ப்ளே மாதிரி இருக்கு, லைனுக்கு ஒரே ப்ளேதான், அவங்க புதுசா எதுவும் கத்துக்கவே வேணாம்.

பாஸ் பத்தி. குவாட்டர்பேக் கிட்ட என்ன இருக்கோ அதை வெச்சு கட்டுங்க. 1970ல சின்சினாட்டி பெங்கால்ஸ் டீம்ல அசிஸ்டண்ட் கோச் பில் வால்ஷ் கிட்ட இருந்த குவாட்டர்பேக் விர்ஜில் கார்ட்டருக்கு தூரமா எறியற கை பலம் கிடையாது, ஆனா குறி தப்பாது, அதனால சின்ன சின்ன பாஸா, அகலத்துல பரப்பி, டைமிங்ல எறியற மாதிரி வால்ஷ் ஒரு ஆஃபென்ஸை அமைச்சார், பின்னாடி வெஸ்ட் கோஸ்ட் ஆஃபென்ஸ்னு பேர் வாங்குனது அதுதான். அதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது கால் கணக்கு. மூணு ஸ்டெப் பின்னாடி வெச்சு நின்னதும் பால் கையை விட்டு போகணும், ரிசீவரும் அந்த நேரத்துக்கு திரும்பணும். காலும் ரூட்டும் (ரிசீவர் ஓடற பாதை) சேரலைன்னா எவ்வளவு எறிஞ்சாலும் லேட்டாதான் போகும்.

ரெண்டு மூணு பாஸ் கான்செப்ட், அதாவது ரிசீவருங்க சேர்ந்து ஓடற திட்டம், போதும். பாஸையே நம்பற ஏர் ரெய்டு ஆஃபென்ஸ்ல கோச் மைக் லீச் டெக்சாஸ் டெக் யூனிவர்சிட்டில பல வருஷம் ஓட்டின மெஷ் நல்ல உதாரணம், ரெண்டு ரிசீவர் எதிரும் புதிருமா கை தட்டற அளவு நெருக்கமா குறுக்கே ஓடுவாங்க, பின்னாடி துரத்தற டிஃபெண்டருங்க ஒருத்தரோட ஒருத்தர் சிக்கிடுவாங்க. நம்ம ஆள் டிஃபெண்டரை வேணும்னு இடிக்கக் கூடாது, அது ஃபவுல். கூடவே இன்சைட் ஸோன்ல இருந்து ஒரு ப்ளே ஆக்ஷன் வேணும், பாலை குடுக்கற மாதிரி காட்டிட்டு எறியறது. ரன் நல்லா ஓடினாதான் இது வேலை செய்யும்.

பத்து யார்டு எடுக்க நாலு சான்ஸ் கிடைக்கும், ஒவ்வொண்ணும் ஒரு டவுன். முதல் டவுன்ல நாலு யார்டு எடுத்தா அது நல்ல ப்ளே, பசங்களுக்கு இதை புரிய வைங்க. ரெண்டாவது டவுன்ல ஆறு யார்டுன்னா ரன்னும் போகலாம் பாஸும் போகலாம், டிஃபென்ஸ் யூகிக்க முடியாது. ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்னாடியே நகர்ந்துடறது) ஒண்ணு ஆனா பத்து யார்டு பதினஞ்சு ஆயிடும், அப்புறம் என்ன பண்ணப்போறோம்னு மைதானத்துல எல்லாருக்கும் தெரியும். அதனால ப்ராக்டிஸ்ல ஒருத்தன் ஸ்னாப்புக்கு முன்னாடி நகர்ந்தா அந்த ப்ளேயை அங்கயே நிறுத்தி எல்லாரும் திரும்ப வந்து நிக்கணும், கத்த வேணாம்.

ஓடும்போது பாலை கையில பிடிச்சிருக்கறது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மேட்ச் போறதே அதுலதான். விரல் பாலோட நுனியை மூடணும், முழங்கை மடிச்சு விலாவோட ஒட்டணும், கூட்டத்துக்குள்ள போகும்போது இன்னொரு கையும் மேல வரணும். ஸ்னாப்பும் அப்படித்தான், ப்ராக்டிஸ் ஆரம்பிக்கும்போதே செண்டரும் குவாட்டர்பேக்கும் சேர்ந்து ஈரமான பால்ல கூட அம்பது ஸ்னாப் போடட்டும்.

எதிர் டீமோட 20 யார்டு லைன் உள்ள போயிட்டா ஆட்டமே மாறிடும், பின்னாடி ஸ்கோர் பண்ற எண்ட் ஸோன் பத்து யார்டையும் சேர்த்து டிஃபென்ஸ் காக்க வேண்டியது 30 யார்டுதான், தூர ரூட் எல்லாம் ஓட இடமே இருக்காது. வாரத்துல ஒரு நாள் இதுக்குன்னு தனியா ஒதுக்குங்க.

மேட்ச் முடிஞ்சதும் வீடியோ பார்த்து நம்ம ப்ளே ஒவ்வொண்ணையும் எழுதுங்க, எத்தனாவது டவுன், எத்தனை யார்டு வேணும், எந்த ஃபார்மேஷன் (ஆளுங்க நின்ன அமைப்பு), ரன்னா பாஸா. ஒரு ஃபார்மேஷன்ல பத்துல ஒம்பது ரன்னா வந்தா எதிர் கோச்சும் அதை எழுதி வெச்சிருப்பார்னு நினைச்சுக்கோங்க, அடுத்த வாரம் அதே ஃபார்மேஷன்ல ப்ளே ஆக்ஷன் போடுங்க. பில் வால்ஷ் பின்னாடி 49ஏர்ஸ் டீம்ல மேட்சோட முதல் 25 ப்ளே வரைக்கும் முன்னாடியே எழுதி வெச்சுப்பார், நமக்கு பத்து போதும், அதை முந்தின நாளே பசங்ககிட்ட குடுத்துடுங்க, என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சா முதல் டிரைவ்ல (பால் நம்ம கையில இருக்கற ஒரு சுத்து) கை நடுங்காது.

கடைசியா ஒண்ணு, குவாட்டர்பேக் இன்டர்செப்ஷன் (எதிராளி பிடிச்சிடற பாஸ்) எறிஞ்சுட்டு சைட்லைனுக்கு வரும்போது "ஏன் எறிஞ்ச?"ன்னு கேட்காதீங்க, "என்ன பார்த்த?"ன்னு கேளுங்க. அவன் சொல்றதுலதான் அடுத்த டிரைவ்ல எந்த ப்ளே போடணும்னு உங்களுக்கு தெரியும்.