மூச்சிரைக்கும் அறையில் எதைக் கவனிக்காமல் விடுகிறோம்?

ஜிம்மில் டம்பெல்லை எடுக்கும் முன்பும் துடைக்கிறார்கள், வைத்த பிறகும் துடைக்கிறார்கள். ஜன்னல் மட்டும் காலையிலிருந்து மூடியே கிடக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஜிம்முக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். துடைப்பது நல்லது, துடையுங்கள். ஆனால் கொரோனா போன்ற நோய் அதிகம் பரவுவது இரும்பின் வழியாக அல்ல, காற்றின் வழியாக.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். மூச்சிரைக்க ஓடினால் அது 10 மடங்கைத் தாண்டிவிடும். 2022-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், ஓய்வில் நிமிடத்துக்குச் சராசரியாக 580 நுண்துகள்களை மூச்சோடு வெளியிட்டவர்கள், உச்சகட்டப் பயிற்சியில் சுமார் 76,000 வெளியிட்டார்கள். தொற்று உள்ள ஒருவர் அவ்வளவையும் அறைக்குள் விட, பக்கத்தில் ஓடுபவர் அதே வேகத்தில் உள்ளே இழுக்கிறார்.

'ஆறடி தள்ளித்தானே நிற்கிறேன்' என்று மாஸ்க்கைக் கழற்றுவது அடுத்த தவறு. 2020 ஆகஸ்ட் கடைசியில் சிகாகோவின் ஒரு ஜிம்மில் வகுப்புக்குக் கால்வாசிப் பேரைத்தான் விட்டார்கள். இடைவெளி இருந்தது, வாசலில் காய்ச்சலும் பார்த்தார்கள். பயிற்சியின்போது மாஸ்க் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். வந்த 81 பேரில் 55 பேருக்குத் தொற்று. என்னை உலுக்கிய விவரம் வேறு: அவர்களில் 22 பேர் உடம்புக்கு முடியாமல் போன அன்றோ அதற்குப் பிறகோகூட வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். 'லேசான தொண்டைக் கரகரப்புதானே, வேர்த்தால் சரியாகிவிடும்' என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

மாஸ்க் வியர்வையில் நனைந்தால் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு விடுவது கஷ்டமாகும். பையில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் ஓடுகிறது, ஏசி இருக்கிறது, அதனால் காற்றோட்டம் இருக்கிறது என்று நம்புவதும் தவறு. ஃபேன் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. ஸ்பிளிட் ஏசி அதே காற்றைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. 2020-இல் அமெரிக்காவின் ஹவாயில், கதவும் ஜன்னலும் மூடிய அறையில் ஒரு பயிற்சியாளர் மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் சைக்கிள் வகுப்பு எடுத்தார். ஃபேன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வகுப்பிலிருந்த 10 பேருக்கும் தொற்று. எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். உள்ளே நுழைந்ததும் முந்தைய பேட்ச்சின் வியர்வை வாடை முகத்தில் அடித்தால், காற்று இன்னும் மாறவில்லை என்று அர்த்தம். நாம் வெளியே விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: வெளியே சுமார் 420 பிபிஎம் காட்டும், உள்ளே 800-ஐத் தாண்டினால் நான் திரும்பிவிடுவேன்.

அப்புறம், எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. தென்கொரியாவின் சோனான் நகரில் 2020-இல் நடன உடற்பயிற்சி வகுப்புகளிலிருந்து 112 பேருக்குத் தொற்று பரவியது. பாதிக்கப்பட்ட பயிற்சியாளர்களில் ஒருவர் எடுத்த யோகா, பிலாடிஸ் ஆகிய மெதுவான பயிற்சி வகுப்புகளில் யாருக்கும் பரவவில்லை. ஓட்டம், ஸ்கிப்பிங் இதையெல்லாம் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். எடை தூக்குவதைக் கூட்டமில்லாத நேரத்துக்குத் தள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் உடை மாற்றும் அறையில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நிற்கும் அரட்டையை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.