ஏரி ஆராய்ச்சியில் பிஎச்டி செய்யணுமா? முதலில் ஒரு கண்மாயைப் பிடியுங்கள்

மதுரைப் பக்கம் எம்எஸ்சி விலங்கியலோ தாவரவியலோ படித்துக்கொண்டு, நன்னீர் ஏரி, பிளாங்க்டன் (தண்ணீரில் மிதந்து திரியும் நுண்ணிய பாசிகளும் விலங்குகளும்) என்று ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பிறகு தேடலாம். முதலில் கண்மாய். வண்டியூரோ மாடக்குளமோ சாமநத்தமோ, எது பக்கமோ அதிலேயே ப்ராஜெக்டைப் போடுங்கள்.

மீன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். நேரம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் விலங்கு பிளாங்க்டன் பலவும் பகலில் அடியில் இறங்கி இரவில் மேலே வரும், ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் சாயந்திரமும் எடுத்தால் எண்ணிக்கை எதனால் மாறியது என்றே சொல்ல முடியாது. நுண்பாசிகளில் மிகச் சிறியவை பிளாங்க்டன் பிடிக்கும் வலையில் நிற்காமல் போய்விடும். அதனால் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்து, லேசான டீ நிறம் வரும்வரை லூகால் கரைசல் (மாதிரி கெடாமல் காக்கும் அயோடின் கரைசல்) விட்டு, இருட்டில் வையுங்கள். நுண்ணோக்கியில் எண்ணுவதற்கு 1 மில்லி பிடிக்கும் செட்ஜ்விக் ராஃப்டர் தட்டு போதும். கூடவே வெப்பநிலை, நீர்மட்டம், செக்கி தட்டு (தண்ணீரின் தெளிவை அளக்க உள்ளே இறக்கும் வட்டத் தட்டு) எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. பிளாங்க்டன் வருடம் முழுக்க எப்படி மாறுகிறது என்று விளக்க 1986-இல் வந்த பிஇஜி மாடல், குளிர்நாட்டு ஏரிகளில் வசந்தத்தில் பாசி பெருகுவதையும் பிறகு டாஃப்னியா என்ற விலங்கு பிளாங்க்டன் அதை மேய்ந்து தண்ணீர் தெளிவதையும் வரிசையாகச் சொல்கிறது. நம் கண்மாய் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி கோடையில் வற்றுகிறது, தண்ணீர் உறையும் குளிர்காலமே கிடையாது. அப்படியானால் இங்கே அந்த வரிசையை எது நடத்துகிறது? உங்களிடம் ஒரு வருடக் கணக்கு இருந்தால் எந்தக் கைடும் நின்று படிப்பார் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் இடம். இங்கேயே என்றால் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு, அதில் உயிர் அறிவியல் தாள், ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பெங்களூருவின் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம், பெர்லினின் ஐஜிபி என்ற நன்னீர் ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் பிஎச்டி பெரும்பாலும் சம்பள வேலையாகவே அறிவிக்கப்படும். விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம் மாதிரி அமெரிக்க இடங்களுக்கு, விண்ணப்பிக்கும் முன்பே கைடுக்கு எழுதிவிடுவது நல்லது.

மெயில் சின்னதாக இருக்கட்டும்: அவருடைய கட்டுரையில் உங்களைப் பிடித்த ஒரு விஷயம், உங்கள் கேள்வி, உங்கள் கணக்கைக் காட்டும் ஒரே ஒரு வரைபடம். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் வரவில்லையா, அடுத்தவருக்கு எழுதுங்கள்.