எஃப்3: ஒரு கட்டம் நகரும் சிப்பாயிலிருந்து தாக்குதலைத் தொடங்குவது

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் போயா தினங்களில் சதுரங்கம் ஆடுவோம். அங்கே கறுப்புக் காய்களுடன் சிசிலியன் ட்ராகன் என்ற தொடக்க முறையை ஆடும் ஒருவரிடம் பல மாதங்கள் ஒரே விதமாகத் தோற்றேன். அரசியையும் குதிரைகளையும் அவருடைய அரசனை நோக்கி விரைவாக அனுப்புவேன். அவை துரத்தப்பட்டுத் திரும்பிவரும். எஃப்2 சிப்பாயை ஒரு கட்டம் முன்னே, எஃப்3இல் வைக்கப் பழகிய பிறகே நிலைமை மாறியது (எழுத்து நிரலை, அதாவது மேல்கீழ் வரிசையை, குறிக்கும்; எண் குறுக்கு வரிசையைக் குறிக்கும்).

1958இல் போர்ட்டோரோஸ் போட்டியில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய பொபி ஃபிஷர், ட்ராகன் ஆடிய பென்ட் லார்சனை 31 நகர்வுகளில் வென்ற ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். மரப்பலகையே நல்லது, லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளத்தில் பார்ப்பவர்கள் ஸ்டாக்ஃபிஷ் என்ற கணினி நிரலின் கணிப்பை முதலில் அணைத்து வையுங்கள், ஏனெனில் அது எண்ணைக் காட்டுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது.

7ஆம் நகர்வில் வெள்ளை எஃப்3 ஆடுகிறது. அது எதையும் வெட்டவில்லை, எதையும் மிரட்டவில்லை. ஆயினும் ஈ4 சிப்பாய்க்குக் காவல் கிடைக்கிறது, கறுப்புக் குதிரை ஜி4க்கு வந்து ஈ3 மந்திரியைத் தொந்தரவு செய்ய முடியாமல் போகிறது, பின்னர் ஜி4 ஆடுவதற்கு அடித்தளமும் அமைகிறது.

அடுத்த படியில்தான் நான் நெடுநாள் சறுக்கினேன். எஃப்3 ஆடியவுடன் அரசி பக்கம் கோட்டை கட்டி (அரசனையும் கோட்டைக் காயையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி), எச் சிப்பாயை ஓடவிடுவேன்; எதிராளி டி5 ஆடி நடுப்பலகையைத் திறந்துவிடுவார், ஓரத்தில் ஓடிய சிப்பாய் பயனற்றுப் போகும். நடுப்பலகை திறக்கும் வாய்ப்பு இருக்கும்வரை ஓரத்துத் தாக்குதலைத் தொடங்கக் கூடாது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஃபிஷர் 9ஆம் நகர்வில் மந்திரியை சி4இல் வைத்து டி5 கட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார், அரசி பக்கம் கோட்டை கட்டுவது 12ஆம் நகர்வில்தான். கோட்டை கட்டிய பின்னும் அவர் அவசரப்படவில்லை. அரசனை பி1க்கு ஒதுக்கிவிட்டு, 17ஆம் நகர்வில்தான் எச்4 ஆடுகிறார்.

அதன் பின் எல்லாம் வேகமாக நடக்கிறது. எச்5, ஜி6இல் வெட்டு, எச் நிரல் திறக்கிறது. 20ஆம் நகர்வில் ஜி4 வரும்போது எஃப்3 சிப்பாயைப் பாருங்கள்: 13 நகர்வுகளாக அசையாமல் நின்ற அதுதான் ஜி4ஐத் தாங்குகிறது. ஜி5 வந்ததும் கறுப்புக் குதிரை எச்5க்கு ஒதுங்க, வெள்ளை தன் கோட்டைக் காயைக் கொடுத்து அதை வெட்டி, ஜி சிப்பாயை ஜி6க்குத் தள்ளி எஃப்7ஐ உடைக்கிறது. 17ஆம் நகர்வு நிலையை வைத்து இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பழகுங்கள்.

பிற்சேர்க்கை: எச்4க்குக் கறுப்பு எச்5 என்று பதிலளித்தால் தாக்குதல் நின்றுவிடுகிறது என்று சிலர் எழுதினார்கள். அங்கும் உதவிக்கு வருவது எஃப்3தான். ஜி4 ஆடுங்கள்; அவர் வெட்டினால் உடனே திருப்பி வெட்டாமல் எச்4 சிப்பாயை எச்5க்குத் தள்ளுங்கள். குதிரை அதை எடுத்தால், நம் கோட்டைக் காய்க்கு முன்னால் சிப்பாய் இல்லாத நிரலில் அது நேருக்கு நேர் நிற்கும்.